பேய் பேசியதும் பெண் பேசியதும்

வெள்ளிக்கிழமை அந்தி நேரம். போடிநாயக்கனூரின் மேற்குக் கோடியில், மலையடிவாரத்தை ஒட்டிய ஒரு தெரு. உடுக்கை ஒலிக்கிறது. சாம்பிராணிப் புகை சுவரில் மோதித் திரும்புகிறது. நடுவிலே தலைவிரி கோலமாய் அமர்ந்திருக்கிறாள், ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குச் செல்லும் ஒரு தாய். வேப்பிலைக் கொத்தை ஓங்கியபடி கோடாங்கி கேட்கிறார்: "யார் நீ? எந்த ஊர்? எதற்காக இவளைப் பிடித்தாய்?"

பேய் பேசுகிறது! மலைப்பாதையில் பல்லாண்டுகளுக்கு முன் மாண்டுபோன எவளோ ஒருத்தியின் பெயரைச் சொல்கிறது. பிறகு குரல் உடைகிறது. "பெத்த பிள்ளையத் தூக்கிட்டுப் போனாங்க, மொகத்தக் காட்டல. காரியம் முடிஞ்ச மறுநாளே ஜீப்புல ஏத்திவிட்டாங்க. அழுதா கூலி போயிரும்னாங்க. நான் எப்ப அழுறது?"

கூட்டம் விதிர்விதிர்த்தது. பேய் உண்மையைக் கக்கிவிட்டது என்றார் ஒரு முதியவர். அத்தெருவில் எனக்குத் தெரிந்தவர்கள் உண்டு; மறுநாள் விசாரித்தேன். மாண்டுபோன அந்தப் பெண்ணுக்குப் பிள்ளையே இல்லையாம்! பிள்ளையைப் பறிகொடுத்தவள், தலைவிரி கோலமாய் அமர்ந்திருந்த இவள். பேய் சொன்ன பெயர் பொய். பேய் சொன்ன துயரம் மெய்.

சடங்கு எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உச்சி மயிரில் ஒரு கற்றையை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடித்தார்கள். திங்கட்கிழமை விடியுமுன் அவள் வழக்கம்போல் ஜீப்பில் ஏறினாள். ஆறு வாரம் கழிந்தது. மீண்டும் மயக்கம், மீண்டும் தொண்டையில் ஏதோ உருண்டை அடைத்தாற்போன்ற வேதனை, மீண்டும் உடுக்கை.

என்னுடன் வந்திருந்த தோழர் ஒருவர், நம் கருத்தினர்தாம், வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். "பேயாவது பிசாசாவது! எல்லாம் நடிப்பு" என்றார். கல்லூரி நாட்களில் நானும் அப்படித்தான் பேசியிருப்பேன். இப்போது அப்படிப் பேச நா எழவில்லை. பேய் இல்லை, அதில் ஐயமில்லை. ஆனால் ஆறு வாரத்துக்கொரு முறை ஒரு தாய் தன் தொண்டையையே அடைத்துக்கொண்டு நடிப்பாளா? நடிப்பதற்கு அவளுக்கு நேரமேது? போடியிலிருந்து இருள் பிரியுமுன் புறப்பட்டு, மலைவளைவுகளெல்லாம் ஏறி, எல்லை கடந்து இடுக்கி மாவட்டத்துத் தோட்டத்தில் இறங்க வேண்டும். ஏலச்செடி பூப்பதும் காய்ப்பதும் தூரின் அடியில், தரையை ஒட்டித்தான். பகலெல்லாம் குனிந்தும் குந்தியும், முற்றிய காயை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும். இருட்டும் வேளையில் வீடு. பிறகு அடுப்பு. அழுவதற்கு அந்த நாளில் இடமே ஒதுக்கப்படவில்லை. ஒதுக்கப்பட்ட ஒரே இடம் கோடாங்கியின் முன்னே விரித்த பாய்தான்!

பேயை மறுத்த பிறகு பகுத்தறிவாளன் செய்ய வேண்டியது என்ன? இக்கேள்விக்கு உலகம் விடை தேடிய வரலாறு சுவையானது. பேயைத் துரத்துவதற்கும் நோயாளியின் பேச்சைக் கேட்பதற்கும் இடையே மேனாட்டாருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது என்பதைச் சொன்னால், நம் இளைஞர்கள் வியப்படையக்கூடும்.

1775-ஆம் ஆண்டுக்குச் செல்வோம். தென் ஜெர்மனியில் காஸ்னர் என்றொரு பாதிரியார். ஆயிரக்கணக்கான நோயாளிகள் அவரை நாடிச் சென்றனர். சிலுவையை நீட்டி, இலத்தீன் மொழியில் ஆணையிட்டு, நோயாளியின் உடலிலிருந்து சாத்தானை விரட்டுவார். உடுக்கை இல்லை, வேப்பிலை இல்லை. மற்றெல்லாம் நம்மூர்க் காட்சிதான். பவேரிய மன்னர் இதனை ஆராய ஒரு குழு அமைத்தார். குழுவின் முன் அழைக்கப்பட்டவர் மெஸ்மர் என்னும் வியன்னா மருத்துவர். சாத்தானின் பெயரையே சொல்லாமல், வெறும் தொடுகையாலேயே, அதே வலிப்பை வரவழைத்தும் நிறுத்தியும் காட்டினார் அவர். காஸ்னர் பொய்யர் அல்லர், தாம் செய்வது இன்னதென்று அறியாதவர் என்றார். சாத்தான் வேலையிழந்தான்!

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சாத்தான் இருந்த நாற்காலியில் மெஸ்மர் வேறொன்றைக் கொண்டுவந்து அமர்த்தினார்: உயிர்க்காந்தம் என்னும் கண்ணுக்குப் புலப்படாத பாய்மம். பாரிசுப் பட்டணத்துச் சீமாட்டிகள் அவருடைய காந்தத் தொட்டியைச் சுற்றி அமர்ந்து மயங்கி விழுந்தனர். 1784-இல் பிரெஞ்சு அரசர் ஒரு விசாரணைக் குழுவை நிறுவினார். அமெரிக்கத் தூதராகப் பாரிசில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினும், வேதியியல் அறிஞர் லவாசியேயும் அதில் இருந்தனர். அவர்கள் செய்த சோதனை அழகானது. பிராங்க்ளினின் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் "காந்தம் ஏற்றினார்கள்". கண்ணைக் கட்டிய சிறுவன் ஒருவனை ஒவ்வொரு மரமாய் அழைத்துச் சென்றனர். அவன் மயங்கி விழுந்ததோ காந்தம் ஏற்றப்படாத வேறொரு மரத்தின் அடியில்! காந்தப் பாய்மம் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு தீர்ப்பளித்தது.

பகுத்தறிவின் பொன்னாள்களில் ஒன்று அது. ஆயினும் அந்த அறிஞர் குழு தன் கேள்வியை அங்கேயே நிறுத்திக்கொண்டது. கற்பனை என்று தீர்ந்தது சரி. கற்பனையே ஓர் உடலைச் சாய்க்கும் அளவுக்கு வலிமை பெற்றதெப்படி? அந்தச் சிறுவனையும் சீமாட்டியையும் அது ஏன் பிடித்தது? என் தோழர் "நடிப்பு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு நடந்தாரே, அந்த இடம்தான் அது.

நூறாண்டு கழித்துப் பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்னும் பேராசிரியர் ஹிஸ்டீரியா எனப்படும் இசிவு நோயை ஆராய்ந்தார். முற்காலத்தில் பேய் பிடித்தவரென எரிக்கப்பட்ட பெண்கள் பலர் இந்நோயாளிகளே என அவருடைய மாணாக்கர்கள் நூல் நூலாய் எடுத்துக் காட்டினர். பெருந்தொண்டுதான். ஆனால் ஷார்கோ நோயாளிகளை மேடையில் நிறுத்தினார், வலிப்பு வந்தபோது படமெடுக்கச் செய்தார், கூடியிருந்தோர்க்கு விளக்கினார். கண்ணுக்கு விருந்து, காதுக்கு வேலையில்லை. அப்பெண்கள் வலிப்பின்போது கதறிய சொற்கள் வெறும் கூச்சலாகவே கொள்ளப்பட்டன. 1885-ஆம் ஆண்டின் இறுதியில் வியன்னாவிலிருந்து வந்து அக்காட்சிகளைக் கண்ட இளைஞர்களுள் ஒருவர் சிக்மண்ட் ஃபிராய்டு.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, வியன்னாவிலேயே, அந்தக் காதின் வேலை தொடங்கியிருந்தது. தொடங்கி வைத்தவர் மருத்துவர் அல்லர், நோயாளி! பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற 21 வயது யூத நங்கை. 1880-இல் நோயுற்ற தந்தைக்கு இரவெல்லாம் கண்விழித்துப் பணிவிடை செய்தவர். கூரிய அறிவு படைத்தவர். ஆனால் பெண்ணாய்ப் பிறந்த குற்றத்துக்காகப் பல்கலைக்கழகம் செல்ல வழியின்றி வீட்டில் அடைபட்டவர். வலக்கை மரத்தது. இருமல் வாட்டியது. தாய்மொழியான ஜெர்மன் மறந்து ஆங்கிலத்தில் மட்டும் பேசினார். அவருக்கு மருத்துவம் செய்த ஜோசப் புரோயர் பொறுமைசாலி. மாலைதோறும் வந்து அமர்ந்து, அவர் பேசுவதையெல்லாம் கேட்டார்.

ஒரு கோடையில் அந்நங்கையால் நீர் அருந்தவே முடியாமற் போயிற்று. தாகம் தகிக்கிறது; குவளையை உதட்டருகே கொண்டு சென்றதும் தள்ளிவிடுகிறார். ஆறு வாரம் பழங்களே துணை. ஒரு நாள் அரைமயக்கத்தில் பேசிக்கொண்டிருக்கையில், தம் தோழியாய் வீட்டில் இருந்த ஆங்கிலப் பெண்மணியின் நாய் ஒரு குவளையில் வாய் வைத்து நீர் குடித்ததைக் கண்ட நினைவு வந்தது. அன்று எழுந்த அருவருப்பை மரியாதை கருதி விழுங்கிவிட்டார். இப்போது அந்தச் சினத்தைக் கொட்டித் தீர்த்தார். உடனே நீர் கேட்டுக் குடித்தார். இம்முறைக்கு அவரே பெயர் சூட்டினார், பேச்சு மருத்துவம் என்று. விளையாட்டாகப் புகைக்கூண்டைத் துடைத்தல் என்றும் சொல்வாராம்.

1895-இல் புரோயரும் ஃபிராய்டும் இணைந்து எழுதிய நூலில் அவர் "அன்னா ஓ" என்ற மறைபெயரில் தோன்றினார். முழுதும் குணமானது போன்ற தோற்றம் அந்நூலில் தரப்பட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் ஆவணங்களைத் தோண்டியபோது, 1882 கோடையில் புரோயரின் மருத்துவம் முடிந்த கையோடு அவர் சுவிட்சர்லாந்தில் ஒரு நலவிடுதியில் சேர்க்கப்பட்டது வெளிப்பட்டது. நோய் உடனே தீரவில்லை. இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அற்புதம் என்று சொல்லி ஆள் சேர்ப்பது கோடாங்கிகளுக்கு உரிய வழி. நமக்கு அது எதற்கு?

ஆனால் அந்நங்கையின் பின்வாழ்வைக் கேளுங்கள். பிராங்க்பர்ட்டு நகரில் அனாதை இல்லம் நடத்தினார். பெண்ணுரிமைக்கு அடிகோலிய மேரி உல்ஸ்டன்கிராப்டின் நூலை 1899-இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1904-இல் யூத மகளிர் சங்கத்தை நிறுவினார். பெண்களை விலைபேசி நாடு கடத்தும் கொடுமையை எதிர்த்து ஊர் ஊராய்ப் போராடினார். 1907-இல் கைவிடப்பட்ட மகளிர்க்கும் மணமாகாத தாய்மார்க்கும் நோய்-ஐசன்பர்கில் இல்லம் கண்டார். 1936-இல் மறைந்தார். 1954-இல் ஜெர்மனி அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அவர்தாம் "அன்னா ஓ" என்ற செய்தி 1953-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. தம் இல்லத்துப் பெண்களுக்கு உளப்பகுப்பாய்வு செய்ய அவர் இசைந்ததில்லை என்பர். தம்மைப் பற்றி மற்றவர் எழுதிவைத்த கதையைச் சுமந்து வாழ்வதன் கசப்பாய் இருக்கலாம்.

ஃபிராய்டுக்குக் கேட்கக் கற்றுக் கொடுத்ததும் ஒரு நோயாளியே. கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துளைத்த அவரை ஒரு சீமாட்டி கண்டித்தாராம்: இது எங்கிருந்து வந்தது, அது எங்கிருந்து வந்தது என்று குறுக்கிடாமல், சொல்ல வந்ததைச் சொல்ல விடும்படி. ஃபிராய்டு வாயை மூடிக்கொண்டார். அறிதுயிலையும் மெல்ல மெல்லக் கைவிட்டார். மனத்தில் தோன்றுவதையெல்லாம், வெட்கம் கருதியோ அற்பமென்று எண்ணியோ விலக்காமல் சொல்லிக்கொண்டே போகட்டும் என்பது நெறியாயிற்று.

இம்மருத்துவம் வேலை செய்யும் விதம் என்ன? தாங்க முடியாத நினைவையும், பிறர் ஏற்காத ஆசையையும், வெளிக்காட்டத் தகாத சினத்தையும் மனம் அமுக்கி வைக்கிறது. அமுக்கியது அழிவதில்லை. நனவிலி மனத்தில் இருந்துகொண்டு வேறு வேடத்தில் வெளிவருகிறது: உடல்நோவாக, கனவாக, காரணமற்ற அச்சமாக, ஒரே தவற்றை மறுபடி மறுபடி செய்யும் வாழ்க்கைப் போக்காக. கண்டிப்பான தந்தையிடம் நடுங்கி வளர்ந்தவன் நாற்பது வயதிலும் மேலதிகாரியின் முன் நா வறண்டு நிற்கிறான் அல்லவா? அதே நடுக்கத்தை, அதே எதிர்பார்ப்பை, கேட்டுக்கொண்டிருக்கும் மருத்துவர் மீதும் அவன் ஏற்றுகிறான். உணர்வின் இந்த இடமாற்றமே இம்மருத்துவத்தின் உயிர்நாடி. பழைய நாடகம் அந்த அறையிலேயே நடக்கிறது. ஆனால் எதிரே இருப்பவர் பழைய தந்தையைப் போல் அடிப்பதில்லை, ஏசுவதில்லை, அறிவுரையும் பொழிவதில்லை. நடப்பதை நடக்கும்போதே சுட்டிக் காட்டுகிறார். வாரந்தோறும் அதே நாள், அதே நேரம், ஏறத்தாழ 50 நிமிடம். மாதங்கள் செல்லச் செல்ல, தன்னை ஆட்டிவைத்த கயிறு எதுவென்று நோயாளிக்கே புலப்படத் தொடங்குகிறது.

கோடாங்கியும் கேட்கிறாரே என்பீர்கள். கேட்கிறார், மறுக்கவில்லை. ஆனால் யாரைக் கேட்கிறார்? பேயை! பேய்க்குத்தான் அங்கே பேச்சுரிமை. அது பேசி முடித்ததும் விரட்டப்படுகிறது. பேசிய சொற்களும் அதனோடு மரத்தில் அறையப்படுகின்றன. விழித்தெழும் பெண்ணுக்குத் தான் பேசியது நினைவில் இல்லை, நினைவூட்டுவாரும் இல்லை. தென்னார்க்காட்டுப் பகுதியின் சடங்குகளை ஆராய்ந்து இசபெல் நபகோவ் என்னும் மானிடவியல் அறிஞர் 2000-இல் ஒரு நூல் வெளியிட்டார். மணமான புதிதில் பெண்களைப் பேய் பிடிப்பதையும், பேயை விரட்டி முடித்த பின் அவர்கள் திரும்புவது அதே இல்லற நுகத்தடிக்கே என்பதையும் அந்நூலில் காணலாம். வியன்னாவில் நடந்த மாறுதல் சிறியதுபோல் தோன்றும்: சொன்ன சொல், சொன்னவளுடையது என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அவ்வளவுதான். அந்த அளவுக்கு வரவே காஸ்னரிலிருந்து நூறாண்டு ஆயிற்று.

இது வெள்ளையர் சரக்கு, நம் மண்ணுக்கு ஒவ்வாது என்பாரும் உளர். 1921-இலேயே கல்கத்தாவில் கிரிந்திரசேகர் போஸ் என்னும் மருத்துவர் அமுக்கி வைத்தல் பற்றியே ஆய்வு நூல் எழுதி ஃபிராய்டுக்கு அனுப்பினார். 1922-இல் தம் வீட்டிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கினார். ஃபிராய்டு சொன்னதையெல்லாம் வேதவாக்காய்க் கொள்ளாமல், கடிதம் வழியே அவரோடு வாதிட்டவர் போஸ். 1933-இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோயாளிக்குப் புறநோயாளர் பிரிவு திறந்தார். 1940-இல் லும்பினி பார்க் மருத்துவமனை எழுந்தது. கழகத்தார் ஃபிராய்டின் 75-ஆம் பிறந்தநாளுக்குத் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலையை அனுப்பினர்; கடவுள் நம்பிக்கையை ஒரு மயக்கமென்று 1927-இல் நூலெழுதிய நாத்திகரின் மேசை மீது விஷ்ணு வீற்றிருந்தார்! பழம்பொருள் சேர்ப்பதில் ஃபிராய்டுக்கு அளவற்ற விருப்பம், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இன்னொரு மறுப்பு உண்டு, நேர்மையானது. பணக்காரர் மெத்தையில் சாய்ந்து பேசும் பொழுதுபோக்கு இது என்பர். இதை முதலில் உணர்ந்தவருள் ஃபிராய்டும் ஒருவர். 1918 செப்டம்பரில் புடாபெஸ்ட் நகரில் பேசியபோது, அறுவை மருத்துவத்துக்கு ஏழைக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு உரிமை மன மருத்துவத்துக்கும் உண்டு என்றும், கட்டணமில்லா நிலையங்கள் வரவேண்டும் என்றும் வலியுறுத்தினார். 1920-இல் பெர்லினிலும் 1922-இல் வியன்னாவிலும் அத்தகைய நிலையங்கள் திறக்கப்பட்டன. பிறகு நாஜிகள் வந்தார்கள். 1933-இல் ஃபிராய்டின் நூல்கள் தெருவில் எரிக்கப்பட்டன. 1938-இல் அவரே நாடு விட்டுச் சென்று, மறு ஆண்டு லண்டனில் மறைந்தார்.

பயன் உண்டா என்ற கேள்வியை விட்டுவிட்டு மேலே செல்வது பகுத்தறிவுக்கு அழகன்று. 1952-இல் ஐசெங்க் என்னும் உளவியலார், இம்மருத்துவம் பெற்றோரும் பெறாதோரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேறுகின்றனர் என்று எழுதிக் கலக்கினார். அந்த அடி நன்மையே செய்தது. அதன்பின் முறையான சோதனைகள் பெருகின. அவற்றுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். லண்டனில் டாவிஸ்டாக் நிலையத்தார், வேறு மருத்துவங்கள் பயன் தராத நெடுநாள் மனச்சோர்வினர் 129 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவத்தோடு பதினெட்டு மாதம் வாரந்தோறும் பேச்சு மருத்துவம். மறு பிரிவுக்கு வழக்கமானது மட்டும். மருத்துவம் முடிந்தபோது பெரிய வேறுபாடு இல்லை. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், பேச்சு மருத்துவம் பெற்றவருள் நூற்றுக்கு 44 பேர் மனச்சோர்வு நோயின் வரையறையைக் கடந்திருந்தனர். மற்றவருள் நூற்றுக்கு 10 பேரே. 2015-இல் இம்முடிவு வெளியாயிற்று. பேசி முடித்த பின்னரும் உள்ளே ஏதோ தொடர்ந்து வேலை செய்கிறது! பாதிக்கு மேற்பட்டோர் குணமடையவில்லை என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. எல்லா நோய்க்கும் இது மருந்தன்று. மாத்திரை தேவைப்படுவோர்க்கு மாத்திரை வேண்டும்.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். 2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், குணம் நாடிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அவர்களுடைய கூக்குரலைக் கேட்டவர்கள் வழக்கமான பிதற்றல் என்று எண்ணினார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. மனநோயாளியைச் சங்கிலியிடுதல் குற்றமென 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதித்தது. மனநல மருத்துவம் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்றும் கூறியது. ஆனால் 2015-16-இல் எடுக்கப்பட்ட தேசிய மனநல ஆய்வின்படி, மனநோயுற்றோரில் நோய்க்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை மருத்துவமே பெறவில்லை.

போடியில் எழுதியது அந்தத் தாய்க்கு என்ன ஆயிற்று என்று சொல்லவே. அண்டை வீட்டு அக்கா ஒருவரின் துணையோடு, பேச்சைக் கேட்கப் பயிற்சி பெற்ற ஓர் அம்மையாரிடம் அவளை அழைத்துச் சென்றோம். முதல் நாள் கைவலி, கால்வலி என்று மட்டும் சொன்னாளாம். மூன்றாம் வாரம் பிள்ளையின் பெயரைச் சொன்னாள். நான்காம் வாரம் திரும்பி வருகையில், "அண்ணே, பேயி வராமயே அழுதேன்" என்றாள் என்னிடம். ஐந்தாம் வாரம் வரவில்லை. தோட்டத்தில் காய் முற்றிவிட்டது. ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போகும், கங்காணியின் பேச்சும் கேட்க வேண்டும்.

பேச்சு மருத்துவம் கூலியை உயர்த்தாது. அதற்குச் சங்கம் வேண்டும், போராட்டம் வேண்டும். ஆனால் கூலி உயர்ந்த மறுநாளே அவள் தொண்டை திறந்துவிடும் என்றும் நான் நம்பவில்லை.

சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. நம் பெண்கள் வாழ்வது இம்மாநிலத்தில், உழைப்பது அம்மாநிலத்தில். இங்கே புறநோயாளர் பிரிவு திறந்திருக்கும் நேரத்தில் அவர்கள் மலைமேல். அவர்கள் இறங்கும் நேரத்தில் இங்கே பூட்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம். மன்றத்துத் தோழர்கள் ஜீப்பு நிற்கும் இடங்களில் அவ்வெண்ணை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் ஒரே ஆளிடம் வாரந்தோறும் பேசும் வாய்ப்பு அதனால் கிடைத்துவிடாது.

ஆகவே ஒரு மனு எழுதிவருகிறோம். கேட்பது இவ்வளவே: வாரத்தில் ஒரு மாலை, ஜீப்புகள் இறங்கி வந்த பிறகு, ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை, கதவு சாத்தக்கூடிய ஓர் அறை, பேச்சைக் கேட்கப் பயின்ற ஒருவர், ஓராண்டேனும் அவரை மாற்றாதிருத்தல். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோழர்களும் தத்தம் ஊராட்சிகளுக்கு இதுபோல் எழுதினால் நலம். நடிப்பு என்று சிரித்த என் தோழர்தாம் மனுவின் முதற்படியை எழுதித் தந்திருக்கிறார். எழுத்துப்பிழை கொஞ்சம் மிகுதி, திருத்திக்கொண்டிருக்கிறேன்.